பெரிய வீடு வாங்கிய வெற்றிலை

முதல் நாள் வகுப்பில் எங்களை ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டார் பேராசிரியை: எதற்காக இந்தப் படிப்பில் சேர்ந்தாய்? பட்டணத்துக் கல்லூரி. சமூக சேவையைப் பாடமாக வைத்து பி.ஏ. பட்டம் கொடுக்கலாம் என்று அப்போதுதான் துணிந்திருந்தார்கள். வெள்ளைக்காரன் மூட்டை கட்டுகிற நேரம். தாழ்வாரமெல்லாம் கதர் வாசனை. எனக்கு முன்னால் எழுந்தவர்கள் தேசம் என்றார்கள், ஏழை ஜனங்கள் என்றார்கள், ஒருவன் சொல்லும்போதே கண் கலங்கினான். என் முறை வந்தது.

"எங்க ஊர்ல ஒருத்தர் இருக்காருங்க. அவருக்கு நான் செய்ய வேண்டியது ஒண்ணு இருக்குது."

பேராசிரியையின் முகம் மலர்ந்துபோயிற்று. நன்றியுணர்ச்சியில்தான் சேவை பிறக்கிறது என்று சொல்லி, நன்றி என்ற வார்த்தையைக் கரும்பலகையில் எழுதி அடியில் ஒரு கோடும் இழுத்தார். நான் உட்கார்ந்து அந்த வெள்ளை எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது.

பழி வாங்கத்தான் படித்தேன். இன்றைக்கும் அதில் எனக்குக் கூச்சம் இல்லை. சிலரைப் பசி படிக்க வைக்கிறது, சிலரை ஆசை. என்னை ஒரு மனிதரின் முகம். விடுதி விளக்கடியில் புத்தகத்தைப் பிரித்தால் எழுத்துக்கு நடுவில் அந்த முகம் வந்து உட்காரும். தூக்கம் ஓடிவிடும். இரண்டு மூன்று பக்கம் கூடப் படிப்பேன்.

திருத்தணிக்குக் கிழக்கே, கண்டிகை என்று சொல்கிற சின்னச் சின்னக் குடியிருப்புகளாகக் கிடக்கிற ஊர்களில் ஒன்று எங்களுடையது. சேரியிலிருந்து நிமிர்ந்தால் மலை தெரியும். மலைமேல் விளக்கேற்றினால் அதுவும் தெரியும். சாமி கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்தார், தண்ணீர்தான் இல்லை. சேரித் தரையில் எங்கே கடப்பாரையைப் போட்டாலும் பாறையில் இடித்துக் கை அதிரும். தண்ணீர் இருந்தது பெரிய வீட்டுக் கிணற்றில். ஊரின் நிலத்தில் பெரும்பங்கு அந்த வீட்டுக்காரருடையது. எங்கள் ஜனம் அத்தனையும் அவருடைய படியாட்கள். அவரை ஆண்டே என்று கூப்பிடுவோம். நான் பேச்சுப் பழகிய நாளில் அம்மா, நைனா என்பதற்கு அடுத்தபடியாக அந்த வார்த்தையைத்தான் எனக்குப் பழக்கினார்கள்.

கிணற்றில் நாங்கள் கயிறு போடக் கூடாது. குடத்தை வைத்துவிட்டு எட்டி நின்று காத்திருக்க வேண்டும். பெரிய வீட்டு ஆள் யாராவது வந்து, மனம் இருந்தால், இறைத்து உயர இருந்து ஊற்றுவார்கள். பாதி வெளியே சிந்தும். சிந்துகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சிரித்த முகமாக நிற்க வேண்டும். முகம் சுளித்தால் அடுத்த தபா காத்திருப்பு இன்னும் நீளும்.

ஒரு கோடை மத்தியானம், எனக்கு உடம்பெல்லாம் நெருப்பாய்க் காய்ச்சல். அம்மா பானையோடு போய் நின்றாள். யாரும் வரவில்லை. பெரிய வீட்டில் விருந்து. உள்ளே இலை போடுகிற சத்தம், அப்பளம் நொறுங்குகிற சத்தம். அம்மா வெகுநேரம் நின்றாள். பிறகு கயிற்றை எடுத்துப் போட்டாள். பானை பாதி மேலே வரும்போது பெரிய வீட்டுக்காரர் சாப்பாடு முடித்து வெளியே வந்தார்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் ஒருவேளை நான் மறந்திருப்பேன். வெற்றிலையை மென்றுகொண்டே வந்து, கைத்தடியால் பானையைத் தள்ளி உடைத்தார். அப்புறம் எங்கள் நைனாவைக் கூப்பிட்டு அனுப்பினார். கிணறு தீட்டாகிவிட்டது, முழுக்க இறைத்தாக வேண்டும் என்றார். "எவன் பொண்டாட்டி தொட்டாளோ அவனே எறைக்கட்டும். கவலை மாட்டை அவுத்து நெழல்ல கட்டு, அவன் ஏத்தத்துல ஏறட்டும்."

நைனா ஏற்றத்தில் ஏறினார். அம்மா கையால் கயிறு பட்டால் தீட்டு. நைனா கையால் இறைத்தால் தீட்டு இல்லை, அது வேலை. பொழுது சாயும் வரை இறைத்தார். காய்ச்சலோடு என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா வரப்பில் நின்று பார்த்தாள். இறைத்த தண்ணீர் வீணாகவும் இல்லை. வாய்க்கால் வழியாகப் பெரிய வீட்டுக் கரும்புத் தோட்டத்துக்குப் போயிற்று. ஒரு நாள் கூலி மிச்சம் அவருக்கு. எங்கள் காலடியிலேயே அந்த வாய்க்கால் ஓடியது. குனிந்து குடித்திருந்தால் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். அம்மா குடிக்கவில்லை. எனக்கும் கொடுக்கவில்லை. நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது இப்போதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அந்த நாக்கோடுதான் கல்லூரியில் போய் உட்கார்ந்தேன்.

விடுமுறைக்கு ஊர் திரும்பும் ரயில் அரக்கோணத்தில் நிற்கும். எஞ்சினுக்கென்று அங்கே ஒரு தண்ணீர்த் தூண். யானை தும்பிக்கையைத் தாழ்த்துவது போல அது தாழ்ந்து வந்து எஞ்சினின் வாயில் கொட்டும். கொட்டி வழிந்து தண்டவாளமெல்லாம் குளம் கட்டும். ஒவ்வொரு தபாவும் சன்னலில் தலையை நீட்டி அதைப் பார்ப்பேன். இரும்புக்குக்கூட உயர இருந்து ஊற்றாமல், தாழ்ந்து வந்து வாய்க்குள்ளேயே ஊற்றுகிறார்கள் என்று தோன்றும். அங்கிருந்து திருத்தணி வரைக்கும் மனசு ரயிலைவிட வேகமாகக் கொதித்துக்கொண்டு போகும்.

ஊரில் பெரிய வீட்டுக்காரர் என்னைப் பற்றி நைனாவிடம் விசாரித்தாராம்.

"இன்னாடா படிக்கிறான் உன் புள்ளை பட்டணத்துல?"

"ஜனங்களுக்கு ஒதவி பண்ற படிப்பாம் ஆண்டே."

"அதுக்கு ஒரு படிப்பா? மாட்டுக்குத் தண்ணி காட்டுறதுக்கும் பட்டம் குடுப்பானுங்களா?"

களத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்களாம். நைனாவும் சிரித்தாராம். அவர் இதைச் சொல்லும்போதும் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பை நைனாவின் முகத்திலிருந்து பிடுங்கி எறிய வேண்டும்போல் இருந்தது.

கல்லூரியில் எங்களுக்குக் கள வேலை உண்டு. வீடு வீடாகப் போக வேண்டும். போகிற இடத்தில் எப்படி நடந்துகொள்வது என்று பேராசிரியை சொல்லித் தருவார். சொல்லாமல் உட்காராதே. முடியாததை முடியும் என்று வாக்குக் கொடுக்காதே. காசோ சாப்பாடோ வாங்காதே. எல்லாவற்றுக்கும் மேலாக, உன் சொந்த விருப்பு வெறுப்பைச் செருப்போடு வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போ. இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கும். நல்ல மனுஷி. சொன்னதை நம்பிச் சொன்னவர்.

"எங்க ஊர்ப் பெரிய வீட்டுத் தெருவுல எங்க ஆளுங்க செருப்பே போடக் கூடாது மேடம்" என்றேன் ஒரு நாள். "எதைக் கழட்டுறது?"

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "நீ கெட்டிக்காரன்" என்றார். "அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது."

கடைசி வருஷம் கள முகாம் எங்கே போடலாம் என்று பேச்சு வந்தபோது திருத்தணி என்று சொன்னவன் நான்தான். ரயில் இருக்கிறது, மலையடிவாரத்தில் தங்கச் சத்திரம் இருக்கிறது, சாமி தரிசனமும் ஆயிற்று என்று தேன் தடவினேன். எங்கள் ஊர் பக்கத்தில் என்பதையும் மறைக்கவில்லை. பேராசிரியை சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். அந்த நேரத்தில் சர்க்கார் ஒரு ஏற்பாடு செய்திருந்தது. சேரிகளுக்குக் குடிநீர்க் கிணறு வெட்டிக் கொடுப்பார்கள். இடத்தை மட்டும் ஊரில் யாராவது மனமுவந்து கொடுக்க வேண்டும். எங்கள் ஊருக்கு எந்த இடம் என்று விசாரித்துச் சொல்லும் வேலையைத் தாசில்தார் எங்கள் முகாமிடம் விட்டார்.

நல்ல ஊற்று எங்கே என்பது ஊருக்கே தெரியும். பெரிய வீட்டுக் கொல்லைக்கும் சேரிக்கும் நடுவில் ஒரு புளியமர வரிசை. அதையொட்டி ஒரு துண்டு நிலம், அவருடையது, சும்மா கிடந்தது. கோடையிலும் அங்கே புல் பச்சையாக இருக்கும். அந்தத் துண்டு கிடைத்தால் சேரிக்குத் தண்ணீர். கிடைக்காவிட்டால் எங்கள் பெண்கள் இன்னும் ஒரு தலைமுறைக்குக் குடத்தை வைத்துவிட்டு எட்டி நிற்க வேண்டும்.

மார்கழிக் கடைசி. பேராசிரியை என்னையும் கூட்டிக்கொண்டு பெரிய வீட்டுக்குப் போனார். வீட்டுக்காரர் கதருக்கு மாறியிருந்தார். காலம் மாறினால் சட்டை மாற்றத் தெரிந்தவர். ஜில்லா போர்டில் ஒரு நாற்காலி மேல் கண் இருப்பதாக ஊரில் பேச்சு. "டே..." என்று என்னைப் பார்த்து வாயெடுத்தவர், பேராசிரியையைப் பார்த்துவிட்டு "தம்பி, நீயும் உக்காரு" என்று முடித்தார். அந்த வீட்டில் எங்கள் குடும்பத்தில் முதலில் உட்கார்ந்தவன் நான். நாற்காலி முள்ளாகக் குத்தியது. நன்றாக அழுத்தி உட்கார்ந்தேன்.

"கெணறு வரட்டும்மா. வாணாம்னா சொல்லப் போறேன்?" என்றார். "நம்ம கரும்புத் தோட்டத்துக் கோடியில வெட்டட்டும். அவங்க பாட்டுக்கு வந்து எடுத்துகினு போகட்டும்."

கரும்புத் தோட்டத்துக் கோடி சேரியிலிருந்து அரைமைல். சர்க்கார் செலவில் அவர் கரும்புக்கு ஒரு கிணறு. பேராசிரியைக்கும் அது புரியாமல் இல்லை. "யோசித்துச் சொல்கிறோம்" என்று எழுந்தார். அப்போது வீட்டுக்காரர் தட்டை எடுத்துவரச் சொல்லி, தன் கையாலேயே வெற்றிலை பாக்கை அவரிடம் நீட்டினார்.

"அப்போ கரும்புத் தோட்டத்துக் கோடின்னு வெச்சுக்குவோம்மா. இதை வாங்கிக்கணும்."

நான் இருமினேன். செருமினேன். அதற்குள் பேராசிரியை சிரித்துக்கொண்டே கை நீட்டி வாங்கிவிட்டார்.

எங்கள் ஊரில் வெற்றிலை வெறும் மரியாதை கிடையாது. காகிதம், கையெழுத்து எதுவும் வேண்டாம்; விஷயத்தைச் சொல்லி வெற்றிலையை நீட்டி, எதிராளி வாங்கிவிட்டால் முடிந்தது. பெண் பேசுவதும் நிலம் பேசுவதும் அப்படித்தான். சித்திரை முதல் தேதி பெரிய வீட்டு வாசலில் எங்கள் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். இன்ன வேலை, இன்ன கூலி என்று கணக்குப்பிள்ளை சொல்வார். துண்டை விரித்து மடி ஏந்தினால் மேலிருந்து வெற்றிலை விழும். "வாங்கிக்கினான்" என்று கணக்குப்பிள்ளை கத்துவார். "ஆங்" என்று கூட்டம் சொல்லும். அவ்வளவுதான், அந்த ஆள் ஒரு வருஷத்துக்கு அவருடையவன். செத்தால் ஒழிய விலக முடியாது. அந்த வெற்றிலையை மீறிப் போனவனுக்குச் சுற்று வட்டாரத்தில் யாரும் வேலை கொடுக்க மாட்டார்கள், பெண்ணும் கொடுக்க மாட்டார்கள்.

வழியில் இதைச் சொன்னேன். பேராசிரியை சிரித்தார். "ஒரு வெற்றிலையா? நான் யோசிக்கிறேன் என்றுதானே சொன்னேன்."

மறுநாள் காலை கரும்புத் தோட்டத்துக் கோடியில் வட்டமாகச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தது. பேராசிரியை பெரிய வீட்டுக்கு விறுவிறுவென்று போனார். வாசலிலேயே வீட்டுக்காரர் சொன்னார்: "நீங்கதானேம்மா வாங்குனீங்க. வூட்டு ஆளுங்க பாத்துகினு இருந்தாங்களே." தாசில்தாரிடம் போனால், நிலம் அவருடையது, அவர் மனசு வைத்தால்தான் உண்டு என்று கையை விரித்தார். சத்திரத்துக்குத் திரும்பிய பேராசிரியை சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். பாவமாக இருந்தது. அதே நேரத்தில் என் மண்டைக்குள் பொறி தட்டியது. தன்னைக் கட்டக்கூடிய கயிறு எது என்று பெரிய வீட்டுக்காரர் தன் கையாலேயே எனக்குக் காட்டிவிட்டார்.

அறுவடை முடிந்த கழனியில் நைனா வைக்கோல் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் குந்தி, என்ன செய்ய வேண்டும் என்று சொன்னேன். முகாமின் கடைசி நாள் கூட்டம். தாசில்தார் வருகிறார். சேரி சார்பாக விருந்தாளிகளுக்குத் தாம்பூலம் கொடுக்கப் போகிறோம் என்று பேராசிரியையிடம் சொல்லி வைத்திருக்கிறேன். தட்டை நீ ஏந்த வேண்டும். விஷயத்தைச் சொல்லி அவர் கையில் கொடுக்க வேண்டும்.

நைனா கையிலிருந்த வைக்கோல் பிரியைக் கீழே போட்டார்.

"என் கையாலயா? ஆண்டேக்கா?"

"உன் கையாலதான்."

"எங்களுக்குத் தண்ணி வோணும்டா. உனுக்கு வேற இன்னாவோ வோணும். மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

"தண்ணி வராட்டியும் நான் இதைப் பண்ணுவேன் நைனா. ஆனா வரும்."

நைனா குனிந்து பிரியை எடுத்தார், முறுக்கினார், மறுபடி போட்டார். "அன்னைக்கு ஏத்தத்துல நின்னுகினு இருந்தப்ப," என்றார், "கால் நடுங்குச்சு. உழுந்துட்டா போதும்னு கூட இருந்துது. நீ வரப்புல இருந்தே." அவர் அதைப் பற்றி என்னிடம் பேசிய முதல் பேச்சும் கடைசிப் பேச்சும் அதுதான். பிறகு, "பாக்கு கொட்டைப் பாக்கா வாங்கியா. சீவல் வாணாம், செல்லாது" என்றார்.

திருத்தணிக் கடைத்தெருவில் நானே பொறுக்கி எடுத்த வெற்றிலை. நுனி கிழியாதது, காம்பு ஒடியாதது. எந்தக் கல்யாணத்துக்கும் அவ்வளவு கவனமாகப் பொறுக்கியிருக்க மாட்டார்கள்.

பள்ளிக்கூட வாசலில் கூட்டம். தாசில்தார் நடுவில், ஒரு பக்கம் பேராசிரியை, மறுபக்கம் மாலையும் கதருமாகப் பெரிய வீட்டுக்காரர். ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம். அவரைப் பேசச் சொன்னார்கள். பேசினார். இனிமேல் மேல் கீழ் கிடையாது, எல்லாரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்றார். நான் மற்றவர்களைவிட அதிகமாகக் கை தட்டினேன். இன்னும் பேசு, இன்னும் பேசு என்று மனசுக்குள் கெஞ்சினேன். ஒவ்வொரு வார்த்தையும் அவர் காலைச் சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் உட்கார்ந்ததும் நைனா தட்டோடு போனார். தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் போனார். அந்தப் பழக்கம் போகவில்லை. ஆனால் குனியாமல் நடந்தார்.

"ஆண்டே. புளியமரத்தாண்ட இருக்குற துண்டுல சேரிக்குக் கெணறு வெட்ட எடம் குடுக்கணும். இதை வாங்கிக்கணும்."

எல்லாரும் கேட்கும்படி சொன்னார். ஊர்ப் பக்கம் சலசலப்பு அடங்கிவிட்டது. அவர் வெற்றிலையைப் பார்த்தார், நைனாவைப் பார்த்தார், அப்புறம் கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. வாங்காவிட்டால், சேரிக்காரன் கையால் வாங்க மாட்டேன் என்று தாசில்தார் எதிரில் சொன்ன மாதிரி. இப்போது பேசிய பேச்சை இப்போதே துப்பின மாதிரி. அந்த ஜில்லா போர்டு நாற்காலியையும் அப்போதே மறந்துவிட வேண்டியதுதான்.

"வாங்கிக்கோங்க சார், என்ன யோசனை?" என்றார் தாசில்தார், எதுவும் அறியாமல்.

"ஆமாம், ஆசையாகக் கொடுக்கிறார்கள்" என்றார் பேராசிரியை, அவரும் அறியாமல்.

இரண்டு விரலால், காம்பின் நுனியைப் பிடித்து எடுத்தார். நைனாவின் விரல் படாமல் எடுக்கப் பார்த்தார். பட்டது. நைனா கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"வாங்கிக்கினாரு."

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. வருஷா வருஷம் தன்னைக் கட்டிப் போட்ட வார்த்தையை நைனா அவர் தலைமேல் போட்டார். சேரிப் பக்கமிருந்து "ஆங்" என்று எழுந்தது. ஊர்ப் பக்கமிருந்தும் பழக்க தோஷத்தில் சில வாய்கள் "ஆங்" என்றன. என் உடம்பெல்லாம் புல்லரித்தது. இப்போது எழுதும்போதும்.

அவர் அதை வாங்கியது ஏன் என்று எனக்குத் தெரியும். வெற்றிலை மேலிருந்து கீழேதான் கட்டும், கீழிருந்து மேலே கட்டாது என்று நினைத்தார். மறுநாள் காலை தாசில்தார் ஆள் வந்து கேட்டபோது, "ஒரு மரியாதைக்கு வாங்குனேன், அதுக்கு எடம் எழுதிக் குடுக்கணுமா?" என்று சிரித்தாராம்.

அது கரும்பு ஆட்டுகிற சமயம். வெட்டிய கரும்பு ஆலையண்டை மலையாகக் குவிந்திருந்தது. வெல்லக் கொப்பரைக்கு அடுப்பு மூட்டியாயிற்று. அவர் சொன்னது காதில் விழுந்ததும் எங்கள் ஆட்கள் ஆலைக்குப் போகாமல் பெரிய வீட்டு வாசலுக்குப் போனார்கள். நானும் போனேன், ஓரமாக இல்லை, நடுவில்.

"இன்னாங்கடா, கரும்பு புளிச்சுகினு கெடக்குது, இங்க வந்து நிக்கிறீங்க?"

நைனாதான் பேசினார். அது நான் சொல்லிக் கொடுத்த பேச்சு. வார்த்தை வார்த்தையாக என்னுடையது, குரல் மட்டும் அவருடையது.

"வெத்தலை சும்மா மரியாதைக்குன்னு சொன்னீங்களாம் ஆண்டே. அப்போ நாங்க சித்திரையில வாங்குனதும் சும்மாதானே. வெத்தலையாலதான் கட்டுப்பட்டுகினு இருக்கோம்னு நெனச்சுட்டோம். பொதட்டூர்பேட்டையில தறிக்காரங்க ஆள் கேட்டுகினு இருக்காங்க, நாங்க போறோம்."

அவர் சிரித்தார். யாரும் சிரிக்கவில்லை. மற்ற மிராசுதார்களைக் கூப்பிட்டு அனுப்பினார். வந்தவர்கள் அவரைத்தான் கடிந்துகொண்டார்கள். வெற்றிலை செல்லாது என்று நீர் சொன்னால் நாளைக்கு எங்கள் கழனியில் எவன் இறங்குவான் என்றார்கள். காலையிலிருந்து வெயில் ஏற ஏற ஆலைப் பக்கமிருந்து கரும்பு புளிக்கிற வாசனை வந்துகொண்டே இருந்தது. இனிப்பும் நாற்றமுமாக ஒரு வாசனை. எனக்கு அதைவிட நல்ல வாசனை உலகத்தில் இல்லை. அவர் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். அவருடைய பண்ணை, அவருடைய வெல்லம், அவருடைய ஆட்கள், எல்லாமே அந்த ஒரு இலையின் மேல்தான் நின்றுகொண்டிருந்தன என்று அன்றைக்குத்தான் அவருக்கே தெரிந்தது போலிருந்தது.

மத்தியானம் கழித்து, புளியமரத்தண்டை சுண்ணாம்பு போடச் சொன்னார். என்னைத் தாண்டிப் போகும்போது நின்றார்.

"படிச்சு இதைத்தான் கத்துகினு வந்தியா?"

"ஆமாங்க" என்றேன். ஆண்டே என்று சொல்லவில்லை. அவர் அந்த வார்த்தைக்காகக் கொஞ்சம் காத்திருந்தார். வராது என்று தெரிந்ததும் போனார்.

அன்று சாயங்காலம் திருத்தணி ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தோம். பேராசிரியை என்னைத் தனியாக அழைத்தார்.

"அந்தத் தட்டுக்கு என்ன அர்த்தம் என்று உனக்கு முதலிலேயே தெரியும்."

"தெரியும் மேடம்."

"என்னையும் அதில் உபயோகப்படுத்தினாய்."

"சொல்லியிருந்தா நீங்க விட்டிருக்க மாட்டீங்க."

"விட்டிருக்க மாட்டேன்." தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கிணறு வரட்டும், சந்தோஷம். ஆனால் நீ கிணற்றுக்காகச் செய்யவில்லை. அவர் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்கச் செய்தாய். நான் உன்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்."

கள வேலைக்கு எனக்கு மார்க் மட்டமாகத்தான் போட்டார். மூன்றாம் வகுப்பில் தேறினேன். அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு நல்ல உத்தியோகம் ஒன்றும் கிடைக்கவில்லை. தாலுகா ஆபீஸ்களில் எழுத்து வேலை பார்த்தே தலை நரைத்துவிட்டது. பேராசிரியை மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபத்தையெல்லாம் ஒரே ஆளுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன், மற்றவர்களுக்குக் கொடுக்க மிச்சமில்லை.

கிணறு தோண்டத் தொடங்கிய நாளில் முதல் குத்துக் குத்தப் பெரிய வீட்டுக்காரரைத்தான் அழைத்தார் தாசில்தார். கடப்பாரையை எடுத்து நீட்டியவன் நான். தண்ணீர் சீக்கிரமே வந்தது. கலங்கலாக, பிறகு பளிங்காக. அம்மா முதல் குடத்தை இழுத்தாள். யாரும் எட்டி நிற்கச் சொல்லவில்லை. அந்தச் சித்திரையில் எங்கள் ஆட்கள் துண்டை விரிக்காமல் கையை நீட்டி வெற்றிலை வாங்கினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

சாமி கோபம் தணிந்து உட்கார்ந்த மலை என்று எங்கள் மலையைச் சொல்வார்கள். படியேறிப் போய் நின்று நான் ஒன்றுதான் வேண்டிக்கொண்டேன்: பெரிய வீட்டுக்காரருக்கு நீண்ட ஆயுசு கொடு. கண் போகட்டும், கால் போகட்டும், காது மட்டும் நன்றாக இருக்கட்டும். ஏனென்றால் கிணறு அவர் வீட்டுக் கொல்லைக்கு நேர் பின்னால். விடிவதற்கு முன்பே சேரிப் பெண்கள் வந்துவிடுவார்கள். ராட்டினம் கிறீச்சிடும். ஒருத்தி இழுத்து முடிக்க அடுத்தவள். அவர் கட்டிலைக் கொல்லை அறையிலிருந்து கூடத்துக்கு மாற்றினார், கூடத்திலிருந்து தெரு அறைக்கு மாற்றினார் என்று நைனா எழுதச் சொல்லி எழுதுவார்கள். சத்தம் அங்கேயும் போயிற்றாம். சாமி என் வேண்டுதலைக் கேட்டார். அவர் தொண்டு கிழமாகிற வரை இருந்தார்.

ஒரு தபா ஊருக்குப் போயிருந்தபோது பெண்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள், கயிறு இழுக்கக் கனமாக இருக்கிறதென்று. இரக்கம் வந்து, ஒரு கிண்ணத்தில் விளக்கெண்ணெய் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குக் கிளம்பினேன். அம்மா வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பானையைப் பற்றியும் அந்த மத்தியானத்தைப் பற்றியும் ஒரு நாளும் ஒரு வார்த்தை பேசாதவள்.

"எங்கடா எண்ணெய எடுத்துகினு போறே?"

"ராட்டினத்துக்கும்மா."

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கினாள்.

"வாணாம். அது பாட்டுக்குக் கத்திகினு கெடக்கட்டும்" என்றாள்.